இயல்புநிலை என்பது யாருடைய இயல்பு?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் பொறியியலாளராகப் பணிபுரிபவன். வழமையாக வந்தால் மீன்குழம்பையும் கிரிக்கெட்டையும் தவிர வேறெதையும் பேசாதவன், அன்று மடிக்கணினியை விரித்து மூன்று படங்களை என் முன்னால் வைத்தான்.

"மாமா, நீங்கள் நாற்பது வருசம் பேப்பருக்குப் பக்கம் போட்ட ஆள். இதில எது நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ."

மூன்றிலும் இருந்தது ஒரே விண்ணப்பப் படிவம்தான். பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், கீழே இரண்டு பொத்தான்கள். முதலாவது படத்தில் எல்லா முனைகளும் உருண்டு, பெட்டிகளின் கீழே மெல்லிய நிழல் வீழ்ந்து, பொத்தான்கள் ஊதா நிறத்தில் மினுங்கின. இரண்டாவதில் எங்கு பார்த்தாலும் வெண்மை. சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. மூன்றாவதில் கட்டங்களைச் சுற்றித் தடித்த கோடுகள், கருநீலப் பொத்தான்கள், பெரிய எழுத்துகள். தபாற் கந்தோரில் கொடுக்கும் படிவத்தை அது நினைவூட்டியது. அழகென்று பார்த்தால் முதலாவதுதான் அழகு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளையாக, "இது எதற்கு?" என்று முதலில் கேட்டுவிட்டேன்.

அவனுடைய குழு செய்துகொண்டிருப்பது ஓர் இணையத்தளம் அன்று. இணையத்தளங்களை ஆக்குவோருக்கு வேண்டிய உறுப்புகளின் தொகுதி. பொத்தான், தெரிவுப் பட்டியல், திகதி குறிக்கும் கட்டம், எச்சரிக்கைப் பெட்டி ஆகியவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால், பின்னர் பத்து நிறுவனங்களுக்குப் பத்து இணையத்தளங்கள் கட்டும்போது அவற்றை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். அச்சகத்தில் வளர்ந்த எம்போன்றோருக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஈய எழுத்துகள் அடுக்கிய பெட்டியை நினைத்துக்கொண்டால் போதும். செய்தி எதுவாயினும் எழுத்து அந்தப் பெட்டியிலிருந்துதான் வரவேண்டும்.

இத்தொகுதியை எடுத்தாள்பவர் எதையும் மாற்றாமல் விட்டால் எந்தத் தோற்றம் திரையில் வரும் என்பதே அவர்களுக்கிடையில் எழுந்திருந்த விவாதம். இதனை இயல்புநிலைத் தோற்றம் என்கிறார்கள். நிறத்தையும் எழுத்துருவையும் விரும்பியவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ள வசதி இருக்கும்போது, இதற்காக ஒரு குழு மூன்று வாரங்கள் சண்டையிட வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அவ்வாறுதான் தோன்றியது. ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு உண்மையோ, பெரும்பாலும் எவரும் மாற்றுவதில்லை என்பதும் அவ்வளவு உண்மை. இத்துறையின் வரலாறே அதற்குச் சாட்சி.

1998 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தனது ஜாவா மொழியின் புதிய பதிப்பை வெளியிட்டபோது, ஸ்விங் எனும் இடைமுகத் தொகுதி அதனோடு சேர்ந்து வந்தது. எந்தக் கணினியில் இயக்கினாலும் ஒரே முகத்தோடு தோன்றவேண்டும் என்ற நோக்கில் 'மெற்றல்' எனும் தோற்றத்தை அதன் இயல்புநிலையாக வைத்தார்கள். சாம்பல் பின்னணி, ஊதா கலந்த நீலம், தடித்த எழுத்து. ஒரேயொரு வரி நிரல் எழுதினால் அந்தந்தக் கணினியின் சொந்தத் தோற்றத்துக்கு மாறிவிடலாம். எத்தனையோ நிரலாளர்கள் அந்த ஒரு வரியை எழுதவேயில்லை. அலுவலகங்களில் கணக்கு எழுதியவர்களும் சரக்குப் பதிந்தவர்களும் ஆண்டுக்கணக்காக அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2004 இல் அதற்குச் சற்று நீலம் பூசி 'ஓஷன்' என்று பெயரிட்டார்கள். 2008 இல் 'நிம்பஸ்' என்ற புதிய தோற்றமும் வந்தது. ஆயினும் அதனை இயல்புநிலையாக்கத் துணியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்கள் குலைந்துவிடும் என்ற அச்சமே காரணம். இன்றும் ஒரு விண்டோஸ் கணினியில் எதையும் தொடாமல் ஸ்விங் நிரலொன்றை இயக்கினால் மெற்றல்தான் முகம் காட்டும். முதல் நாளில் எடுத்த முடிவு கால் நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது.

இணையத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் பூட்ஸ்ட்ராப். டுவிட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஒட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் என்ற இருவர் தம் அலுவலகத்து உள்வேலைகளுக்காகத் தொகுத்ததை, 2011 ஓகஸ்ட் மாதம் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்த வெளியிட்டார்கள். அதற்குப் பின்னர் வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இணையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் நினைவிருக்கும். மேலே கறுப்புப் பட்டை, அதன் கீழே பெரிய சாம்பல் பெட்டியில் ஒரு தலைப்பு, நீலப் பொத்தான், அதற்கும் கீழே மூன்று பத்திகள். மருந்துக் கடையாயினும் மாணவர் சங்கமாயினும் முகம் ஒன்றே. கேலி செய்தவர்கள் பலர். நான் கேலி செய்யமாட்டேன். வடிவமைப்பாளர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள வழியில்லாத ஒரு சிறிய அமைப்புக்கு, அவலட்சணமில்லாத ஒரு பக்கத்தை ஒரே பிற்பகலில் அது கொடுத்தது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இயல்புநிலை என்ற ஒன்றே இருக்கிறது. பணமும் வடிவமைப்பாளரும் உள்ளவர் எப்படியும் மாற்றிக்கொள்வார். அவரை மனத்தில் வைத்து இயல்புநிலையைத் தெரிவுசெய்வது, வீட்டில் சமையற்காரர் உள்ளவருக்காகச் சாப்பாட்டுக் கடை திறப்பதைப் போன்றது.

அந்த நீலப் பொத்தானுக்கு ஒரு வரலாறு உண்டு. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. 2008 டிசம்பரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கிறது. பார்வை மங்கியவர்களுக்காக வகுத்த அளவு அது. என் வயதுக்காரர் எல்லோரும் அந்தக் கணக்கில் அடங்குவோம். பூட்ஸ்ட்ராப்பின் மூன்றாம் பதிப்பு 2013 ஓகஸ்டில் வந்தபோது, பழைய நிறச்சாய்வுகளையும் நிழல்களையும் களைந்து தட்டையான தோற்றத்துக்கு மாறியது. அவ்வாண்டு எல்லோருமே தட்டையாக மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிப்பின் நீலத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் கிடைக்கும் விகிதத்தை, வழிகாட்டியின் சூத்திரப்படி மருமகன் அங்கேயே கணித்துக் காட்டினான்: 3.63. பிறகு அதே பதிப்பின் பிற்பகுதியில் நீலத்தைச் சற்று இருட்டாக்கினார்கள், 4.56 ஆயிற்று. 2018 ஜனவரியில் நான்காம் பதிப்பு ஒரு பளிச்சென்ற நீலத்தைக் கொண்டுவந்தது; மீண்டும் 3.98. 2021 மே மாதத்து ஐந்தாம் பதிப்பில் மறுபடியும் இருட்டாக்கினார்கள், சரியாக 4.5, ஒரு மயிரிழை மேலே.

எட்டு ஆண்டுகளாக ஒரு நீலம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை இறங்கியபோதும், எத்தனை நாடுகளில் எத்தனை முதியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை அருகில் இழுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களில் எவருக்கும் பூட்ஸ்ட்ராப் என்ற பெயரே தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் என் தொழிற் காலத்து அனுபவமொன்றைச் சொல்லவேண்டும். மருமகனின் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் போனதற்கு அதுவே காரணம்.

1990களின் ஆரம்பத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையில் ஈய எழுத்து போய்க் கணினிப் பக்க வடிவமைப்பு வந்தது. ஆசிரிய பீடம் முழுவதும் கொண்டாட்டம். பக்கம் முடிய நள்ளிரவு ஆகிய காலம் போய், பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. முதல் வாரம் முடிவதற்குள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. 'உங்கள் பத்திரிகை எனக்குத் தலைவலி தருகிறது. செய்தியைச் சொல்லவில்லை, எழுத்தைச் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்ட பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். ஒரு வரியிலிருந்த 'கூ'வின் கீழ்விலங்கு, அடுத்த வரியிலிருந்த 'கீ'யின் மேல்விலங்கில் போய் இடித்துக்கொண்டு நின்றது. ஒன்றல்ல, பத்திக்குப் பத்து இடத்தில்.

வரிக்கு வரி விடும் இடைவெளியை யார் தீர்மானித்தது என்று ஆசிரியர் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறைப்பதற்காக அல்ல, உண்மையிலேயே ஒருவரும் தீர்மானிக்கவில்லை. மென்பொருளைத் திறந்தபோது எழுத்தின் அளவில் 120 வீதம் என்று இருந்தது. 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரி. ஆங்கில எழுத்துக்கு அது போதும். 'n' என்ற எழுத்துக்கு மேலும் ஒன்றுமில்லை, கீழும் ஒன்றுமில்லை. தமிழுக்கு மேலும் வேண்டும், கீழும் வேண்டும். எங்களை அறியாத யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து எங்கள் பத்திரிகையின் முகத்தைத் தீர்மானித்துவிட்டிருந்தார். 13 புள்ளியாக உயர்த்தினோம். 50 வரி கொண்ட பத்தி 46 வரியாகச் சுருங்கியது. செய்தி குறைகிறது, விளம்பரத்துக்கு இடம் குறைகிறது என்று நிர்வாகம் முகத்தைச் சுளித்தது. அந்த 4 வரிகளுக்காக நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். இன்றைய தொகுதிகளில் வரி உயரம் 1.5 மடங்கு என்று தாராளமாக வைப்பது வழக்கம். அந்தப் பிரச்சினை ஓரளவு தீர்ந்துவிட்டது என்றான். சரி. ஆனால் தீராதவை வேறு இருக்கின்றன.

2014 ஜூனில் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'மெற்றீரியல் டிசைன்' எனும் வடிவ முறையை எடுத்துக்கொள்வோம். அதில் பொத்தானின் சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அமைத்தார்கள். சுற்றியுள்ள வாசகத்திலிருந்து இது வேறு, இதை அழுத்தலாம் என்பதற்கான அடையாளம் அது. தமிழில் பெரிய எழுத்துமில்லை, சிறிய எழுத்துமில்லை, சிங்களத்திலும் இல்லை. ஆகவே அந்த அடையாளம் எம்மிடம் வரும்போது ஓசையின்றி உதிர்ந்துவிடுகிறது. சட்டமோ பின்னணியோ இல்லாமல் வெறும் சொல்லாக நிற்கும் பொத்தான், ஆங்கிலத்தில் பொத்தானாகவும் தமிழில் பாதி வசனமாகவும் தெரியும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழில் சாய்வெழுத்து மரபென்று ஒன்று இல்லாததால், உலாவி நேரான எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டுகிறது. காற்றில் சரிந்த வேலி போல நிற்கும் அதை எவரும் விரும்பி வாசிப்பதில்லை. அதே மெற்றீரியல் முறையில் எழுதும் இடங்களுக்குக் கட்டம் கிடையாது, ஒரு அடிக்கோடு மட்டுமே. பயனாளர்களைக் கொண்டு சோதித்தபின் 2018 இல் அதைக் கட்டமாக மாற்றினார்கள். அழகுக்காக நீக்கிய கோடுகளைத் திரும்ப வரையவேண்டியதாயிற்று. தபாற் கந்தோர்ப் படிவத்தை வரைந்தவருக்கு அது முன்னரே தெரிந்திருந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லாமலே விடுகிறேன்.

இவற்றையெல்லாம் விடப் பெரியதொன்றை எங்கள் அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கைத்தொலைபேசியில் கண்டேன். ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தை அவர் நிரப்பவேண்டியிருந்தது. மூன்று மொழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். அவர் தமிழைத் தெரிவுசெய்தார். சேவைக்கால விபரங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பதிந்தார். நாற்பது நிமிடங்கள் ஆயிற்று என்று பின்னர் சொன்னார். முடிவில் இரண்டு பொத்தான்கள் அருகருகே நின்றன. ஒன்றில் 'விண்ணப்பத்தை…' என்றிருந்தது. மற்றதிலும் 'விண்ணப்பத்தை…' என்றிருந்தது. ஒன்று வெளிர்நீலம், மற்றது சாம்பல். எது எதுவென்று தெரியாமல் அவர் சாம்பலை அழுத்தினார். எல்லாம் அழிந்தது.

முழு வாசகம் என்னவென்று நான் பின்னர் என் கணினியின் அகன்ற திரையில் பார்த்தேன். 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்', 'விண்ணப்பத்தை இரத்துச் செய்யவும்'. தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் இடம் போதாமல் இரண்டும் நடுவில் வெட்டுப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் இதே விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் வினையை முன்னால் வைக்கும் மொழி. எங்கே வெட்டினாலும், சமர்ப்பிப்பதா இரத்துச் செய்வதா என்பது தலையிலேயே தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வரும். வால் வெட்டுப்பட்டால் பொருளே போய்விடும். சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிதான். ஆக, இடம் போதாதபோது வெட்டு என்ற இயல்புநிலை, இந்நாட்டின் அரசகரும மொழிகள் இரண்டுக்குமே பொருந்தாத ஒன்று.

மருமகன் இதைக் கேட்டதும் தன் தொழிலைக் காக்கத் தலைப்பட்டான். "அது அந்தப் பக்கத்தைச் செய்த ஆளின்ர பிழை மாமா. தமிழில ஒருக்காப் போட்டுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்." பிழைதான். ஆனால் அந்த ஆளுக்குத் தமிழ் தெரிந்திருக்குமா? மொழிபெயர்ப்பு வேறொருவரிடமிருந்து ஒரு பட்டியலாக வந்திருக்கும், ஒட்டியிருப்பார். நாளை இவனுடைய தொகுதியைப் பயன்படுத்தப் போகிறவரும் அப்படிப்பட்டவராகவே இருப்பார். பூட்ஸ்ட்ராப்பிலும் நெடுங்காலம், பொத்தானின் எழுத்து இரண்டாம் வரிக்கு இறங்கக்கூடாது என்பதே இயல்புநிலையாக இருந்தது. ஒற்றைச் சொல்லில் முடியும் ஆங்கிலப் பொத்தான் இரண்டு வரியாக உடைந்தால் அழகில்லை. அந்த அழகு நியாயமானதுதான். அதற்கான விலையைக் கொடுப்பவர் வேறு எங்கோ இருக்கிறார் என்பதுதான் தொல்லை. இறங்க விடுவதை இயல்பாக்கி, வேண்டாதவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் என்ன நட்டம்? சில ஆங்கிலப் பக்கங்களில் பொத்தான் சற்று உயரமாகியிருக்கும். அவ்வளவே.

தோற்றமே வேண்டாம், எலும்புக்கூட்டை மட்டும் கொடுப்போம், அணி அலங்காரம் அவரவர் பொறுப்பு என்று ஒரு கட்சி அவர்கள் குழுவிலேயே இருக்கிறதாம். இப்போது உலகில் அத்தகைய தொகுதிகளும் பல உள்ளன. பொத்தான் வேலை செய்யும், ஆனால் முகம் இராது. கேட்கும்போது நேர்மையான யோசனை போலத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முகமில்லாத தொகுதியை வாங்கிய சிறிய நிறுவனம் உட்கார்ந்து முகம் வரையப் போவதில்லை. பக்கத்தில் கிடைக்கும் வேறொருவரின் முகத்தை எடுத்து ஒட்டும். தீர்மானம் மறைவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவுதான். 2023 இல் வெளிவந்து மிகப் பிரபலமான 'ஷாட்சிஎன்' எனும் தொகுதி, நிரலையே பிரதியெடுத்துக் கொடுத்து நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. அதன் கறுப்பு வெள்ளை முகத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் தளங்கள் எத்தனையென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தொகுதியில் 'டிஃபோல்ட்', அதாவது இயல்புநிலை, என்றே ஒரு தோற்றத்துக்குப் பெயரிட்டிருந்தார்கள். 2025 இல் அதைக் கைவிட்டு 'நியூயோர்க்' என்ற மற்றத் தோற்றத்தை இயல்புநிலையாக்கினார்கள். பெயர் வைக்கும்போது நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் போலும்.

ஊதா நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும், ஏனெனில் குழுவில் பெரும்பான்மை அதன் பக்கம். 'டெயில்விண்ட்' எனும் கருவியை உருவாக்கிய அடம் வதன், 2020 இல் வெளியிட்ட தமது மாதிரிப் பக்கங்களின் பொத்தான்களுக்குக் கருநீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தைக் கொடுத்தார். ஏதாவது ஒரு நிறம் வேண்டுமே என்று வைத்ததுதான். அந்தப் பக்கங்களும் அவற்றைப் பார்த்துச் செய்த பக்கங்களும் இணையமெங்கும் பரவின. பின்னர் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் இணையத்தைப் படித்துத் தாமே பக்கங்கள் வரையத் தொடங்கியபோது, பொத்தானென்றால் ஊதா என்று கற்றுக்கொண்டன. உலகத்துப் பொத்தான்களெல்லாம் ஊதாவானதற்காக அவர் 2025 இல் பகடியாக மன்னிப்பும் கேட்டார். பகடிதான், ஆனால் எனக்கு அதில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. முன்பெல்லாம் ஒரு நிரலாளர் சோம்பலால் மாற்றாமல் விட்டார். இனி, மாற்றலாம் என்ற எண்ணமே தோன்றாத ஓர் இயந்திரம், முந்தியவர்களின் தெரிவை அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுக்கும். வெட்டுப்படும் தமிழ்ப் பொத்தானும் அவ்வாறே எழுதிக் கொடுக்கப்படும்.

மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எது நல்லது என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, படிவத்திலிருந்த ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். வேண்டுமென்றே நீளமானவற்றைத் தேடவில்லை. கச்சேரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் அன்றாடம் புழங்குபவைதான். 'நிரந்தர வதிவிட முகவரி', 'கிராம உத்தியோகத்தர் பிரிவு', 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்', 'உறுதிப்படுத்தப்படவில்லை'. இவற்றைப் போட்டு மூன்றையும் உன் கைத்தொலைபேசிக்கு அனுப்பு, முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்று பார்ப்போம் என்றேன்.

பகல் ஒரு மணி வெயில். முதலாவதில், உருண்ட பொத்தானின் இரு முனைகளிலும் எழுத்து போய் முட்டியது. 'சமர்ப்பிக்கவும்' பாதியில் நின்றது. இரண்டாவதன் சாம்பல் கோடுகள் வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே எழுதுவது என்று அவனே விரலால் தடவிப் பார்த்தான். மூன்றாவது நின்றது. அழகாக நின்றது என்று சொல்லமாட்டேன். கோடுகள் தேவைக்கு மேல் தடிப்பு, வரிகளுக்கிடையில் மூச்சுவிட இடமில்லை, அந்தக் கருநீலத்தைப் பார்க்கும்போது பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுமையாக இருந்தது.

"மேலாளர் இதை ஏற்கமாட்டார் மாமா. வாடிக்கையாளர் கண்ணால பாத்துத்தான் வாங்குவினம்" என்றான். அதிலும் உண்மை இருக்கிறது. முதற் பக்கம் அழகில்லாவிட்டால் பத்திரிகையைக் கையில் எடுக்கமாட்டார்கள் என்று நானே பல கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். ஆகவே ஊதாவை அழிக்கச் சொல்லவில்லை. விற்பனைக்குக் காட்டும் பக்கத்தில் அது இருக்கட்டும், வேண்டியவர் ஒரு வரியில் அதற்கு மாறிக்கொள்ளட்டும். எதையும் தொடாதவருக்குக் கிடைப்பது மட்டும் மூன்றாவதாக இருக்கட்டும், இரண்டாவதிலிருந்து கொஞ்சம் வெண்மையை எடுத்து அதன் வரிகளுக்கிடையில் வை என்றேன். கோட்டின் தடிப்பைப் பாதியாக்கவும் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டான். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். மேலாளர் நேரில் ஏற்கவில்லையாம். ஆனால் குழுவிலிருந்த சிங்களப் பெண்மணி ஒருவர் தம் தாயாரின் தொலைபேசியில் மூன்றையும் போட்டுக் காட்டியபின் கூட்டத்தில் பேச்சு மாறிவிட்டதாம். திருத்திய மூன்றாவதைத்தான் இயல்புநிலையாக வைக்கிறார்கள். பொத்தானின் எழுத்து இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கும். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தான். திகதி குறிக்கும் கட்டம். ஜனவரி, மார்ச், மே எல்லாம் ஒழுங்காக உள்ளே இருந்தன. 'செப்டெம்பர்' மட்டும் இரண்டு எழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கு என்ன செய்யலாம் மாமா?" என்று கேட்டிருக்கிறான். வரும் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.